ஒன்பது அங்குலச் சுவர்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. பிரான்சில் ஒரு கிராமத்துக்கு வெளியே தனியாக இருக்கும் தன்னுடைய கல் வீட்டை விற்கப்போவதாக என் அத்தை மார்ச் மாதம் சொன்னார். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாமா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அத்தைக்குக் கார் ஓட்டத் தெரியாது.

2. அடுத்த குளிர்காலத்துக்குள் அந்த வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்றார். போன குளிரில் ஒன்பது நாள் வாசலைத் தாண்ட முடியாமல் உள்ளேயே இருந்திருக்கிறார்.

3. வீட்டை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்ட் அம்மா விளம்பரம் போட்டார். ஆறு பேர் வந்து பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை.

4. வீட்டின் பிளான் ஒன்று இருந்தால் நல்லது என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். நான் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டேன்.

5. அத்தை பதினோரு நாள் டேப் பிடித்து அளந்து சொன்னார்.

6. நான் தப்பாக வரைந்தேன்.

7. அந்த பிளானை நம்பி ஒரு கணவனும் மனைவியும் முந்நூறு கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு வந்து, டேப்பை எடுத்து அளந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

8. இதற்கிடையில் திண்டிவனத்தில் அப்பா மாடியில் ஓர் அறையை அத்தைக்காகத் தயார் செய்துவிட்டார்.

எட்டாவதைப் பற்றி அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. ஆறாவது என்னுடையது. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் சிவில் படித்தவள். விழுப்புரத்தில் ஒரு பில்டிங் பிளான் ஆபீஸில் ஐந்து வருடமாக வேலை. வீடு திண்டிவனத்தில். காலையில் ரயில், சாயங்காலம் கிடைத்தால் ரயில், இல்லாவிட்டால் பஸ். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கோலியனூர், வல்லம் பக்கத்து ஆட்கள். முப்பதுக்கு நாற்பது மனை, இரண்டு பெட்ரூம், வடகிழக்கில் பூஜை அறை, முன்னால் கார் நிற்க இடம். கார் இல்லாதவர்களும் அந்த இடத்தைக் கேட்பார்கள். வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் நாலரை. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. கம்ப்யூட்டரில் புதிய பக்கம் திறந்தால் ஒன்பது அங்குலச் சுவர் தானாகவே அங்கே காத்திருக்கும்.

மாமா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவர். அத்தையைக் கல்யாணம் செய்து அழைத்துப் போகும்போது அத்தைக்கு வயது இருபத்தெட்டு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றதும் நகரத்துக் குவார்ட்டர்ஸை விட்டுவிட்டு, யாரும் வாங்காமல் கிடந்த ஒரு பண்ணை வீட்டை வாங்கினார். சொந்தமாக நிலம் வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அந்த நிலத்தில் இரண்டு வருடம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டார். செடி நன்றாக வந்தது. பிடுங்கினால் கீழே ஒன்றும் இல்லை. மூன்றாவது வருடம் உருளைக்கிழங்குக்கு மாறினார்.

மாமா இருந்தவரை அவர் ஓட்டினார், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து போனார். பால், ரொட்டி, மருந்து, தபால் எல்லாம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சின்ன டவுனில். அவர் போன பிறகு பக்கத்துப் பண்ணைக்காரர் வியாழக்கிழமைகளில் ஏற்றிப் போவார். அவருக்கும் எழுபத்தொன்பது வயது. அத்தையின் மகள் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரத்தில் இரண்டு அறை வீட்டில், இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள். ஆக, வீடு விற்க வேண்டும், குளிருக்கு முன் விற்க வேண்டும். இதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

விளம்பரம் வந்த அன்று அத்தை வீடியோவில் கூப்பிட்டார். எங்களுக்குச் சாயங்காலம் ஆறரை, அவருக்கு மதியம் மூன்று. நான் ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்திருந்தேன்.

“இன்னா போட்டுக்கிறாங்கன்னு படிக்கிறேன், கேட்டுக்கோ. ‘கிராமப்புறத்தில் விசாலமான கல் வீடு. பழமையின் அழகு. அமைதியான சூழல். உங்கள் கற்பனைக்கு ஏற்ற இடம்.’”

“நல்லாத்தானே அத்தை இருக்குது.”

“அழகுன்னா தர சாஞ்சிக்கினு இருக்குதுன்னு அர்த்தம். அமைதின்னா கத்துனா கேக்கறதுக்கு ஆள் இல்ல. கற்பனைன்னா ஓடு மாத்தணும்.”

“நம்ம ஊர்ல ‘பைபாசுக்கு மிக அருகில்’னு போடுறாங்களே, அந்த மாதிரி.”

“ஓமந்தூர் தாண்டிப் போயும் திண்டிவனத்துக்கு மிக அருகில்னு போர்டு வெப்பானுங்களே, இன்னும் வெக்கிறானுங்களா?”

“வெக்கிறாங்க. இப்ப மெட்ராஸுக்கே மிக அருகில்னு வெக்கிறாங்க.”

அத்தை சிரித்துவிட்டு, சன்னலில் ஏறிக் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு பட்டாணி உரித்தார். சன்னலுக்குப் பக்கத்தில் அல்ல, சன்னலிலேயே. சுவரின் கனத்துக்குள் அவர் முழுதாக அடங்கி இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் பேசினேன்.

வந்து பார்த்த ஆறு பேரும் ஒரே மாதிரிதான் சொன்னார்களாம். போட்டோவில் அறைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை, பிளான் இல்லையா? ஏஜெண்ட் அம்மா தன்னுடைய அளவுக்காரர் வர இரண்டு மாதம் ஆகும் என்றார். அத்தை உடனே, “எங்க அண்ணன் பொண்ணு இஞ்சினியர். ஒரு வாரத்துல போட்டுக் குடுத்துடும்” என்று அவரிடம் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் எனக்குத் தமிழில் சொன்னார்.

அளக்கும் வேலை பதினோரு நாள் நடந்தது. முட்டி வலி இருப்பதால் ஒரு நாளைக்கு ஓர் அறை. மாமாவின் பத்து மீட்டர் டேப்பின் ஒரு முனையை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஃபோன் ஏதாவது ஓர் அலமாரியில் சாய்ந்திருக்கும். எனக்குப் பாதி நேரம் தெரிவது கூரை உத்தரம்தான்.

“அஞ்சு இருவது. எழுதிக்கினியா?”

“எழுதிட்டேன் அத்தை.”

“திருப்பிச் சொல்லு.”

“அஞ்சு இருவது.”

“இரு, இன்னொரு வாட்டி பாத்துக்கறேன். ஆங், அஞ்சு இருவதுதான்.”

எல்லா அளவையும் அவர் இரண்டு தடவை எடுத்தார். இதை நான் அப்போதே கவனித்தேன், கவனித்ததற்கு ஏற்ப நடந்துகொள்ளவில்லை.

மேலே இருக்கும் அறைகளை ‘மெத்தமேல ரெண்டு’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்தில் மாடியை மெத்தை என்றுதான் சொல்வோம். அந்தக் குரல் செய்தியை ஆபீஸில் கேட்டபோது மதுரையிலிருந்து வந்து வேலை செய்யும் பையன், “என்னக்கா, பெட்டு மேல ரூமா? வெள்ளக்காரன் பெரிய ஆளுதான்” என்றான். அவனுக்கு விளக்கிச் சொன்னேன். அவன் நம்பவில்லை.

கீழ்த்தளத்தில் நான்கு அறைகள் ஒரே வரிசையில். சமையலறை ஐந்து மீட்டர் இருபது. ஹால் ஆறு பத்து. நடு அறை மூன்று எண்பத்தைந்து. கடைசி அறை, முன்பு தானியம் கொட்டி வைத்த இடம், நான்கு மீட்டர் ஐந்து சென்டி. கூட்டினால் பத்தொன்பது மீட்டர் இருபது. வெளியில் முளை அடித்து மூன்று தடவையாக இழுத்து அளந்த மொத்த நீளம் இருபத்திரண்டு ஐம்பது.

மதிய சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தேன். எங்கள் சார் பின்னால் வந்து நின்றார்.

“யாரு வூடும்மா? இம்மாம் நீட்டு.”

“எங்க அத்தை வீடு சார்.”

“எங்க, கோலியனூரா?”

“பிரான்சு சார்.”

“அப்ப அப்ரூவலுக்கு நம்மகிட்ட வராது. சாப்ட்டுட்டுப் போடு.”

நான்கு அறைக்கு ஐந்து சுவர். பழைய வீடு என்பதால் உள்சுவரையும் நாலரை போடாமல் ஒன்பதாகவே தாராளமாகப் போட்டேன். ஐந்து தடவை ஒன்பது அங்குலம், மீட்டரில் ஒன்று பதினைந்து. அப்படியும் இரண்டு மீட்டர் பதினைந்து மிஞ்சியது. ஏறக்குறைய ஏழு அடி.

எங்கள் ஆபீஸில் இப்படி அளவு மிஞ்சுவதும் குறைவதும் வாரத்துக்கு ஒன்று நடக்கும். பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு, மனையில் போய் நின்றால் வேறோர் அளவு. வீட்டுக்காரர்களே அளந்து எழுதிக்கொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம். பீரோ மறைத்த இடத்தை விட்டுவிடுவார்கள், கதவைச் சேர்க்க மாட்டார்கள். அரை அடி, ஓர் அடி என்றால் அறைகளுக்குப் பகிர்ந்து போட்டுவிடுவோம். அதற்குப் பெயர் ‘அட்ஜஸ்ட்’. “அட்ஜஸ்ட் பண்ணி முடிச்சிடும்மா” என்றால் அந்த ஃபைல் அன்றைக்கு வெளியே போகிறது என்று அர்த்தம்.

வெளி நீளம் அத்தை அனுப்பிய அரசாங்க நில வரைபடத்தோடு சரியாக இருந்தது. ஆகவே வெளியில் தப்பில்லை, தப்பு உள்ளே என்று முடிவு செய்தேன். அடுப்பு, அலமாரி இருக்கும் இடங்களை விட்டுவிட்டு அத்தை அளந்திருப்பார். அறுபத்து மூன்று வயது, முட்டி வலி, தனியாள். ஏழு அடியை நான்கால் வகுத்து ஒவ்வோர் அறைக்கும் ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர் சேர்த்தேன். அகலத்திலும் இதே கதை. அங்கே ஒரு மீட்டருக்கு மேல் மிஞ்சியது, அதையும் சேர்த்தேன். இரண்டு பக்கமும் மிஞ்சியபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அத்தையை ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. கேட்கவில்லை. கேட்டால் அவர் மறுபடி முட்டியைப் பிடித்துக்கொண்டு அளக்கக் கிளம்பிவிடுவார் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிளான் அழகாக வந்தது. அறைகளின் பெயரை அத்தை பிரெஞ்சில் எழுத்தெழுத்தாகச் சொல்ல நான் அடித்தேன். ஏஜெண்ட் அம்மா விளம்பரத்தில் சேர்த்த பத்தாவது நாள் ஒரு ஜோடி தொடர்பு கொண்டது. இருவரும் ரொட்டி போடுகிறவர்கள். நகரத்தில் வாடகைக்குக் கடை வைத்திருந்தார்கள், அதை விட்டுவிட்டு ஒரு கிராமத்தில் சொந்தமாக அடுப்பு வைக்க இடம் தேடினார்கள். அவர்களிடம் இருந்த அடுப்புக்கு, சுற்றிலும் விட வேண்டிய இடத்தையும் சேர்த்து, நான்கு மீட்டர் நாற்பது வேண்டும். என் பிளானில் கடைசி அறை நான்கு ஐம்பத்தொன்பது. ரோட்டுப் பக்கம் தனிக் கதவும் உண்டு. கடிதத்திலேயே கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டார்கள். அத்தை வீட்டு ஓட்டை உடைசல்களைப் பற்றி அவர்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

“ரொட்டிக்காரங்க வாங்குறாங்கடி. எங்க மாமனாரு வூட்டுக்காரங்க கேட்டா சிரிப்பாங்க, பட்டாளத்துக்காரன் வூட்ல பேக்கரின்னு” என்று அத்தை சந்தோஷமாகச் சொன்னது ஒரு திங்கட்கிழமை. அவர்கள் வருவதாகச் சொன்னது அந்த வாரம் சனிக்கிழமை.

சனிக்கிழமையும் எங்களுக்கு ஆபீஸ் உண்டு. விழுப்புரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தபோது அத்தையின் ஃபோன் வந்தது. வீடியோ இல்லை, வெறும் குரல்.

“கண்ணு, அந்தக் கடைசி ரூமு எத்தினி போட்ட?”

“நாலு அம்பத்தொம்போது அத்தை.”

“நான் இன்னா சொன்னேன்?”

நோட்டு பையில் இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை, எனக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன்.

“நாலு அஞ்சு.”

“அதான் இருக்குது. அந்த ஆளு மூணு வாட்டி டேப்ப இழுத்தான். அந்தப் பொண்ணு பிளான வெச்சிக்கினு என்ன ஒரு பார்வ பாத்துது பாரு, நான்தான் ரூம வெட்டிச் சின்னதாக்கிட்ட மாதிரி.”

“போயிட்டாங்களா அத்தை?”

“காப்பி குடுத்தேன். குடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

ரயில் வருவதாக அறிவித்தார்கள். நான் நகர்ந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றேன்.

“கூட்டிப் பாத்தா மொத்த நீளத்துக்கு வரல அத்தை. ரெண்டு மீட்டருக்கு மேல மிஞ்சிச்சி. நீங்க அலமாரிய விட்டுட்டு அளந்திருப்பீங்கன்னு...”

“நெனச்சி, நீயே சேத்துட்ட.”

“ஆமா அத்தை.”

“நாப்பது வருஷமா டேப் பிடிக்கிறேன்டி. ஜாக்கெட்ல அரை இஞ்ச் தப்புனா கை ஏறாது. நான் அலமாரிய விட்டுட்டு அளப்பேனா?”

அத்தை தையல்காரர். திண்டிவனத்தில் கல்யாணத்துக்கு முன் தைத்தார், அங்கே போயும் தைத்தார். அந்தச் சின்ன டவுனில் பாதிப் பேருக்கு பேண்ட் சுருக்கியும் கோட்டு பிரித்தும் கொடுப்பவர் அவர்தான். அளவு எடுப்பதில் எங்கள் குடும்பத்திலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை, நான் உள்பட. இது எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம் அல்ல. அதுதான் எனக்குப் பெரிய சங்கடம்.

“செவுரு எத்தினி போட்ட?” என்று கேட்டார்.

“ஒம்போது இஞ்ச்.”

அத்தை வீடியோவைப் போட்டார். சன்னலுக்கு எதிரில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு, உள்பக்க விளிம்பிலிருந்து வெளிப்பக்க விளிம்பு வரை டேப்பை விட்டார்.

“எழுவத்தஞ்சு. எழுதிக்கோ. உள்செவுரு அறுவது. திருப்பிச் சொல்லு.”

சொன்னேன். ரயில் வந்து, நின்று, போனது. இரண்டு வெளிச்சுவர் ஒன்றரை மீட்டர், மூன்று உள்சுவர் ஒன்று எண்பது. மொத்தம் மூன்று முப்பது. பத்தொன்பது இருபதோடு மூன்று முப்பதைக் கூட்டினால் இருபத்திரண்டு ஐம்பது. ஒரு சென்டிமீட்டர் மிஞ்சவில்லை.

“சுவரு எத்தினின்னு நான் கேக்கல அத்தை,” என்றேன்.

“கேக்கல. நானும் சொல்லல. கல்லு வூடு கல்லு வூடுன்னு வாய் ஓயாம சொல்லிக்கினு இருக்கறமே, கல்ல ஒம்போது இஞ்சுல எவன் அடுக்குவான்னு நெனச்சிட்டேன். சரி விடு. பஸ்ஸ பிடிச்சி வூடு போய்ச் சேரு, ஜல்தி. இருட்டுது.”

அன்று பஸ்ஸில்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பிளானைத் திருத்தினேன். சுவர்களைக் கறுப்பாக நிரப்பியபோது வீடே வேறு மாதிரி தெரிந்தது. அறைகள் சிறிதாகி, சுவர்கள் எழுந்து நின்றன. ரொட்டிக்காரர்களுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். தவறு வீட்டுக்காரரின் அளவில் இல்லை, வரைந்த என்னுடையது என்ற வாக்கியத்தைத் தனியாக ஒரு பத்தியாகப் போட்டேன். அத்தை அதைப் பிரெஞ்சில் எழுதி ஏஜெண்ட் மூலம் அனுப்பினார். ரொட்டிக்காரப் பெண் பதில் போட்டாள். அத்தை வீட்டை ஒட்டியிருக்கும் பழைய மாட்டுக் கொட்டகையில் அடுப்பை வைக்கலாமா என்று நான் ஒரு வரைபடமும் சேர்த்து அனுப்பியிருந்தேன். அது நன்றாக இருக்கிறது, ஆனால் வேறொரு ஊரில் ஓர் இடம் பேசி முடித்துவிட்டோம் என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் யாரும் வரவில்லை. செப்டம்பர் பிறந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் விறகு எத்தனை வண்டி வேண்டும் என்று கேட்டுப் போனார்.

இப்போது எட்டாவது விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை விற்கப்போகிறேன் என்று சொன்ன மறுவாரமே மெத்தை அறைக்கு டைல்ஸ் போட ஆள் பிடித்துவிட்டார். பக்கத்தில் வெஸ்டர்ன் டாய்லெட், கீசர், கொசுவலை அடித்த சன்னல். அத்தைக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரும் சொல்லக்கூடாது என்றார். வீட்டை விற்றால் அத்தை வேறு எங்கே வருவார் என்பது அவர் கேட்டுக்கொள்ளாத கேள்வி. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கும் அது ஒன்பது அங்குலம் மாதிரிதான் இருந்தது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தோம். விறகு விஷயத்தை அத்தை சொன்னதும் அப்பாவால் அடக்க முடியவில்லை.

“வெறகும் வாணாம் ஒண்ணும் வாணாம். வூடு விக்கிறப்ப விக்கட்டும். பூட்டிட்டுக் கெளம்பி வா. மெத்தமேல ரூம் ரெடி பண்ணி வெச்சிருக்கேன்.”

“யாருக்கு ரூமு?”

“யாருக்கா? ஒனக்குத்தான் பாப்பா.”

“எத்தினி படி ண்ணா?”

அப்பா என்னைப் பார்த்தார். “பதினெட்டு,” என்றேன்.

“முட்டிய பிடிச்சிக்கினு நடக்கறவளுக்குப் பதினெட்டு படி மேல ரூமு கட்டுன மொத அண்ணன் நீதான்.”

அம்மா அடுக்களையிலிருந்தே, “நான் டைல்ஸ் எறக்கறப்பவே சொன்னேன். எங்க கேக்குறாரு,” என்றார்.

“பேஜாரு பண்ணாத, நீ உள்ள இரு,” என்றார் அப்பா. பிறகு ஃபோனிடம், “அப்ப நீ கீழ ரூம எடுத்துக்கோ, நாங்க மேல போயிக்கிறோம்.”

அப்பா லைன் போய்விட்டதா என்று ஃபோனைத் தட்டினார்.

“ண்ணா, நான் வர்றேன். ரெண்டு மாசம் வந்து குந்திக்கினு அண்ணி கையால சாப்புடுறேன். ஆனா இருக்கறது இங்கதான்.”

“அங்க யாரு இருக்காங்க ஒனக்கு?”

“டாக்டர் இருக்காரு. மருந்துக் கட பொண்ணு இருக்குது, என் மாத்திரைய என்ன விட நல்லா ஞாபகம் வெச்சிக்கினு இருக்கும். செவ்வாக்கெழம சந்த இருக்குது. தைக்கறதுக்குத் துணி எடுத்துக்கினு வர்றவங்க இருக்காங்க. அங்க இருந்தது இருவத்தெட்டு வருஷம், இங்க இருக்கறது முப்பத்தஞ்சு. நீயே கூட்டிக் கழிச்சிப் பாரு.”

“அந்தக் காட்டுலயா இருக்கப்போற?”

“காட்டுல யாரு இருக்கறேன்னு சொன்னா? காட்ட விட்டு டவுனுக்குப் போறேன். அதுக்குத்தானே விக்கிறேன். மார்ச்சுலேருந்து அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன். வூட்ட வுட்டு வரணும், வூட்ட வுட்டு வரணும்னு.”

அதைத்தான் சொல்லியிருந்தார். ‘வூட்ட வுட்டு வரணும்.’ அதில் எங்கே என்ற சொல் இல்லை. அதை அப்பா சேர்த்துக்கொண்டார். அளவு மிஞ்சும் இடத்தில் நான் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் எழுந்து போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அது முந்தின நாள்தான் துடைத்த வண்டி.

ஒரு வாரம் அவர் அத்தையிடம் பேசவில்லை. அத்தை தினமும் கூப்பிட்டார், அம்மாவிடம் பேசினார், என்னிடம் பேசினார், “ஒங்க அப்பா கொவிச்சிக்கினு இருக்காரா, எறங்கிட்டாரா?” என்று கேட்டு வைத்தார். எட்டாம் நாள் அப்பா தானாக ஃபோனை வாங்கி, “அந்த டவுன்ல பஸ் எத்தினி மணிக்கு ஒரு வாட்டி?” என்று கேட்டார். டிப்போக்காரர் சமாதானத்துக்கு வருகிற வழி அது. ஒரு மணி நேரத்துக்கு ஒன்று என்று அத்தை சொன்னதும், “தேவல” என்றார்.

ரொட்டிக்காரர்கள் வாங்கியிருந்தால் அத்தை அந்தப் பணத்தில் டவுனில் ஒரு சின்ன வீட்டைச் சொந்தமாகவே வாங்கியிருப்பார். என்னால் அது போயிற்று. இதை அத்தையிடம் நேராகவே சொன்னேன்.

“போனதுதான். நான் இல்லன்னு சொல்லல,” என்றார். “அதுக்காவ நீ மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்தா எனக்கு இங்க குளிரு கொறையுமா? வாடகைக்குப் பாக்கறேன். மாமா பென்ஷன் வருது, நான் தைக்கறேன். வூடு விக்கறப்ப விக்கட்டும். நான் அதுக்காவக் காத்துக்கினு இருக்கப் போறதில்ல.”

சந்தைத் தெருவில் ஒரு தரைத்தள வீட்டை மருந்துக் கடைப் பெண் பார்த்துச் சொன்னாள். ஒரு படுக்கை அறை, ஒரு ஹால், சமையலுக்கு ஓர் ஓரம். அத்தை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். ஹாலில் தன் வெட்டு மேசை, இரண்டு மீட்டர் நீளம், சன்னல் வெளிச்சத்தில் நிற்குமா, மெஷினுக்கு இடம் மிஞ்சுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

நான் திருப்பிக் கூப்பிட்டேன். “சுவரு எத்தினி அத்தை?”

“இருவது சென்டி. ஒங்க ஊரு செவுரு மாதிரிதான். பக்கத்து வூட்டுக்காரன் தும்முனா இங்க கேக்குது.”

அவர் சொன்ன எண்களை அப்படியே போட்டேன். கூட்டியபோது மூன்று சென்டிமீட்டர் மிஞ்சியது. அதை எங்கேயும் சேர்க்காமல், மூன்று மிஞ்சுகிறது என்று சொன்னேன். அத்தை மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு, கதவோரம் சுவரில் ஒரு மரப்பலகை அடித்திருக்கிறது, அதன் கனம் என்றார். மேசை சன்னலை ஒட்டி நிற்கும். மெஷின் அதற்கு இடதுபுறம். அலமாரி போகாது என்றேன். அதைக் கல் வீட்டிலேயே விட்டுவிட்டார்.

அக்டோபர் கடைசி வாரத்தில் பக்கத்துப் பண்ணைக்காரரின் டிராக்டரில் சாமான் போனது. மூன்று நடை. விறகு வாங்கவில்லை. மகள் குழந்தைகளோடு வந்து இரண்டு நாள் இருந்து அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்றைய நிலவரம் இது. கல் வீடு விற்பனையில் இருக்கிறது. ஏஜெண்ட் அம்மா விலையை ஒருமுறை குறைத்திருக்கிறார். விளம்பரத்தில் திருத்திய பிளான் இருக்கிறது, சுவர்களின் கனமும் அதில் எழுதியிருக்கிறது. அத்தை சந்தைத் தெருவில் இருக்கிறார். வாடகையில் ஒரு பங்கை மகள் கொடுக்கிறாள். தை மாதம் திண்டிவனம் வர டிக்கெட் போட்டாகிவிட்டது, இரண்டு மாதம் இருப்பார். அப்பா கீழ் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறார். கல் வீட்டின் சாவி ஒன்று ஏஜெண்ட் அம்மாவிடமும் ஒன்று அத்தையிடமும் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை ஒரு குடும்பம் வந்து பார்க்கப்போகிறது.